வெள்ளியின் முகத்தைக் காட்டும் கறுப்புக் கண்ணாடி

கண்ணுக்குத் தெரியாத ஒளியில் எடுக்கும் போட்டோ! ஒரு நீதிபதி கண்டுபிடித்த நான்கு நாள் ரகசியம்!

விடியற்காலையில் கிழக்கே பளிச்சென்று மின்னும் விடிவெள்ளியைப் பார்க்காதவர் யார்? சில மாதங்களில் அதே வெள்ளி, மாலையில் மேற்கே தெரியும். சூரியன், சந்திரன் இரண்டையும் விட்டால் வானத்தில் அதிகப் பிரகாசம் உள்ளது இதுதான். பஞ்சாங்கத்தில் சுக்கிரன் என்று சொல்வதும் இதையே.

இது நட்சத்திரம் அல்ல. நமது பூமியைப் போல ஒரு கிரகம். அளவிலும் கிட்டத்தட்ட பூமியைப் போன்றது. இதன் குறுக்களவு 12,104 கிலோ மீட்டர். பூமியின் குறுக்களவு 12,742 கிலோ மீட்டர். இரண்டையும் அக்காள், தங்கை என்று சொல்லலாம்.

இத்தனை அழகான கிரகத்தை டெலஸ்கோப்பில் பார்த்தால் என்ன தெரியும்? ஒன்றுமே தெரியாது!

சந்திரனில் மலை தெரியும். வியாழனில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரியும். சனிக்கு வளையம் தெரியும். வெள்ளியோ, சுண்ணாம்பு பூசிய சுவர் போல ஒரே வெள்ளையாக இருக்கும். பிறை போலத் தேய்வதும் வளர்வதும் தெரியும். அதை 1610-ம் ஆண்டிலேயே இத்தாலி நாட்டு கலீலியோ பார்த்து விட்டார். அதற்கு மேல் ஒரு புள்ளி இல்லை, ஒரு கோடு இல்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வான ஆராய்ச்சியாளர்கள் கண் வலிக்கப் பார்த்தும், வெள்ளி தன் முகத்தைக் காட்டவில்லை.

காரணம், மேகம். வெள்ளியைச் சுற்றிலும் இண்டு இடுக்கு இல்லாமல் மேகம் மூடியிருக்கிறது. அது மழை மேகமும் அல்ல. கந்தக அமிலத் துளிகளால் ஆன மேகம். அதன் கீழே, தரையில், சுமார் 460 டிகிரி வெப்பம். ஈயத்தை வைத்தால் உருகி ஓடி விடும்.

இந்த மேகத் திரைக்கு ஓர் உருவம் உண்டு, அது ஓடுகிறது என்பதைக் காட்டிக் கொடுத்தது ஒரு சிறு கண்ணாடித் துண்டு. அதன் கதைதான் இது.

ஊதாவுக்கு அப்பால்

வானவில்லில் ஏழு நிறம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒரு பக்கம் சிவப்பு. மறு பக்கம் ஊதா. அத்துடன் ஒளி முடிந்து விடுவது இல்லை. சிவப்புக்கு அப்பாலும் ஒளி உண்டு. ஊதாவுக்கு அப்பாலும் ஒளி உண்டு. நம் கண்ணுக்குத்தான் அவை தெரியாது.

ஊதாவுக்கு அப்பால் உள்ள ஒளிக்கு, புற ஊதாக் கதிர் என்று பெயர். வெயிலில் அலைந்தால் தோல் கறுக்கிறதே, அது இந்தக் கதிரின் வேலை. கடையில் ரூபாய் நோட்டை ஒரு நீல விளக்கின் அடியில் காட்டி, நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று பார்க்கிறார்களே, அந்த விளக்கில் இருந்து வருவதும் இதுதான். தேனீயின் கண்ணுக்கு இந்த ஒளி தெரியும். நமக்கு வெறும் மஞ்சளாகத் தெரியும் சில பூக்களில், தேனீக்கு மட்டும் கோலம் போட்டது போல வழி காட்டும் கோடுகள் தெரியும்.

ஒளியை அளக்க ஓர் அளவு உண்டு. ஒரு மில்லி மீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால், அதில் ஒரு பங்கு ஒரு நானோ மீட்டர். நாம் பார்க்கும் ஒளி ஏறக்குறைய 400 முதல் 700 நானோ மீட்டர் வரை. 400-க்குக் கீழே போனால் புற ஊதா.

நம் கண்ணுக்குத் தெரியாதது போட்டோ பிலிமுக்குத் தெரியும். பழைய காலத்துப் போட்டோ தகடுகள் இயல்பாகவே ஊதாவையும் புற ஊதாவையும் நன்றாக வாங்கிக் கொள்பவை. எனவே மற்ற நிறங்களை எல்லாம் தடுத்து, புற ஊதாவை மட்டும் உள்ளே விடும் ஒரு கண்ணாடியைக் கேமராவுக்கு முன்னால் வைத்தால், தேனீயின் கண்ணால் உலகத்தைப் பார்ப்பது போல இருக்கும். டீ வடிகட்டி தூளைத் தடுத்து, டீயை மட்டும் விடுகிறது அல்லவா? இந்த வடிகட்டிக் கண்ணாடியும் அப்படித்தான். ஆங்கிலத்தில் இதற்கு பில்டர் என்று பெயர்.

1927-ல் விலகிய திரை

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் மவுண்ட் வில்சன் என்ற மலை இருக்கிறது. அதன் மேல் உள்ள வான ஆராய்ச்சி நிலையத்தில் 60 அங்குலம், 100 அங்குலம் அகலமுள்ள கண்ணாடிகளைக் கொண்ட இரண்டு பெரிய டெலஸ்கோப்புகள். 1927-ம் ஆண்டு, பிராங்க் ராஸ் என்ற விஞ்ஞானி அவற்றை வெள்ளியின் பக்கம் திருப்பினார். வெவ்வேறு நிற வடிகட்டிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் படம் எடுத்தார்.

சிவப்பு ஒளியில் ஒன்றும் இல்லை. வழக்கமான வெள்ளை உருண்டைதான். புற ஊதாவில் எடுத்த தகட்டைக் கழுவிப் பார்த்தார். அதில் கறுப்புத் திட்டுகள்! அகலமான பட்டைகள்! மறு நாள் எடுத்த படத்தில் அவை மாறியிருந்தன. முந்நூறு ஆண்டு வெறுமையாகத் தெரிந்த முகத்தில் முதல் முதலாக ஒரு சித்திரம் தெளிவாகத் தெரிந்தது.

வெள்ளியின் மேகத்தில் ஏதோ ஒரு பொருள் கலந்திருக்கிறது. அது புற ஊதாவை விழுங்கி விடுகிறது. அது அதிகம் உள்ள இடம் படத்தில் கறுப்பாக விழுகிறது. குறைவாக உள்ள இடம் வெள்ளையாக விழுகிறது.

அடுத்து ஒரு கேள்வி எழுந்தது. இந்தத் திட்டுகள் எத்தனை நாளுக்கு ஒரு முறை வெள்ளியைச் சுற்றி வருகின்றன? 30 நாளாக இருக்கலாம் என்று ராஸ் கருதினார். உறுதியாகச் சொல்ல அவரிடம் போதுமான படங்கள் இல்லை. கேள்வி அப்படியே நின்று விட்டது.

காங்கோவில் ஒரு நீதிபதி

முப்பது ஆண்டுகள் கழித்து அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் ஒரு விஞ்ஞானி அல்ல. அவர் ஒரு நீதிபதி!

ஆப்பிரிக்காவில் காங்கோ ஆற்றங்கரையில் பிரசாவில் என்ற நகரம் இருக்கிறது. இன்று காங்கோ குடியரசின் தலைநகர். 1957-ல் அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அங்கே நீதித் துறையில் வேலை பார்த்து வந்தார், சார்லஸ் புவாயே என்ற பிரெஞ்சுக்காரர். வழக்குகளைக் கேட்பது அவர் உத்தியோகம். வானத்தைப் பார்ப்பது அவர் ஆசை. அவரிடம் இருந்தது சுமார் 25 சென்டி மீட்டர் அகலக் கண்ணாடி உள்ள டெலஸ்கோப். மவுண்ட் வில்சன் டெலஸ்கோப்புக்குப் பக்கத்தில் வைத்தால், யானைக்குப் பக்கத்தில் ஆட்டுக் குட்டி மாதிரி இருக்கும்.

அவருக்கு ஒரு நண்பர். பெயர் ஆன்றி காமிஷெல். பிரான்சு நாட்டில் பிக் து மிடி மலை மேல் உள்ள வான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த விஞ்ஞானி. வெள்ளியை ஊதா வடிகட்டி வைத்துப் படம் எடுத்துப் பார்க்கும்படி அவர் யோசனை சொன்னார். நீதிபதி அப்படியே செய்தார். நாள் தவறாமல் எடுத்தார். எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தார்.

ஒரு குறிப்பிட்ட கறுப்புத் திட்டு இன்று தெரிகிறது. நாளை இல்லை. மறு நாளும் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. நான்காம் நாள் மறுபடியும் அதே இடத்தில் வந்து நிற்கிறது! தேர் நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வந்து சேருகிற மாதிரி, நான்கு நாளைக்கு ஒரு தடவை திட்டு சுற்றி வருகிறது.

சந்தேகத்தைத் தீர்த்துக் கொள்ள, பிக் து மிடியில் முன்பே எடுத்து வைத்திருந்த படங்களையும் எடுத்துப் பார்த்தார்கள். அவையும் நான்கு நாள் என்றே சாட்சி சொல்லின.

யாரும் நம்பவில்லை!

நீதிபதி தீர்ப்புச் சொல்லி விட்டார். விஞ்ஞான உலகமோ அதை ஏற்கவில்லை.

அதற்குக் காரணமும் இருந்தது. 1960-களின் தொடக்கத்தில், பூமியில் இருந்து ரேடியோ அலையை வெள்ளிக்கு அனுப்பி, அது திரும்பி வருவதைக் கொண்டு அதன் தரை எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று கண்டுபிடித்தார்கள். வெள்ளி தன்னைத் தானே ஒரு முறை சுற்ற 243 நாள் ஆகிறது. சூரியனை ஒரு முறை சுற்றி வர ஆவது 225 நாள்தான். ஆமை வேகம்!

தரை சுற்ற 243 நாள். மேகம் சுற்ற 4 நாள். அப்படியானால் மேகம் தரையை விட 60 மடங்கு வேகமாக ஓட வேண்டும். அது நடக்கிற காரியமா என்று பலர் கேட்டார்கள். சிறிய டெலஸ்கோப், ஊதாக் கண்ணாடி, மங்கலான படம், எடுத்தவரோ விஞ்ஞானி அல்ல. இப்படி எல்லாம் எண்ணியவர்கள் உண்டு. அவருடைய கட்டுரையை வெளியிட மறுத்ததும் உண்டு.

புவாயே சோர்ந்து போகவில்லை. மேலும் படங்களை எடுத்தார். மேலும் கட்டுரைகளை எழுதினார். கையில் சாட்சி இருந்தது. மேல் முறையீட்டுக்குக் காத்திருந்தார்.

1974-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி தீர்ப்பு வந்தது. அன்று மாரினர் 10 என்ற அமெரிக்க விண்கலம், வெள்ளிக்கு மேலே 6,000 கிலோ மீட்டருக்கும் குறைந்த தூரத்தில் பறந்து சென்றது. அதில் இருந்த கேமராவிலும் புற ஊதா வடிகட்டி இருந்தது. நான்காயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை அது அனுப்பியது. படங்களை ஒன்றன் பின் ஒன்றாக ஓட்டிப் பார்த்தார்கள். வெள்ளியின் மேகம் சுமார் நான்கு நாளில் ஒரு சுற்றுச் சுற்றி வருவது கண் கூடாகத் தெரிந்தது.

காங்கோவில் இருந்து நீதிபதி சொன்னது சரி!

மேகம் ஓடும் வேகம் மணிக்கு 350 கிலோ மீட்டருக்கும் மேல். நம் ஊரில் மிகக் கடும் புயலில் கூட இவ்வளவு வேகம் வருவது இல்லை. அங்கே அது நிற்காமல், இரவும் பகலும் வீசிக் கொண்டே இருக்கிறது.

சூரியன் மேற்கே உதித்தால்...

நடக்காத காரியத்தைச் சொல்லும் போது, சூரியன் மேற்கே உதித்தாலும் நடக்காது என்று சொல்லுவது நம் வழக்கம். வெள்ளியில் இந்தப் பேச்சு எடுபடாது. பூமியும் மற்றும் பல கிரகங்களும் மேற்கில் இருந்து கிழக்காகச் சுற்றுகின்றன. வெள்ளியோ கிழக்கில் இருந்து மேற்காகச் சுற்றுகிறது. அதன் மேகமும் அதே திசையில்தான் ஓடுகிறது. மேகம் மறைக்காவிட்டால், அங்கே சூரியன் மேற்கே உதித்துக் கிழக்கே மறைவதைப் பார்க்கலாம்.

புற ஊதாப் படங்களில் அடிக்கடி தெரியும் ஒரு கறுப்பு உருவம், ஆங்கில எழுத்து ‘ஒய்’யைப் படுக்க வைத்தது போல இருக்கும். கவட்டைக் கம்பு மாதிரி என்றும் சொல்லலாம்.

இன்று வீட்டு மாடியிலேயே

அன்று நீதிபதி செய்ததை, இன்று பல நாடுகளில் ஆசைக்காக வானம் பார்ப்பவர்கள் செய்து வருகிறார்கள். ஆசிரியர், டாக்டர், கடைக்காரர் என்று பல தொழில் செய்பவர்கள் அவர்களில் உண்டு. அவர்களுக்கு வேண்டியவை மூன்று.

முதலாவது டெலஸ்கோப். லென்ஸ் வைத்த டெலஸ்கோப்பை விட, வளைந்த கண்ணாடி வைத்த டெலஸ்கோப் இதற்கு நல்லது. கண்ணாடியின் மேல் பூசிய அலுமினியம் புற ஊதாவை நன்றாகத் திருப்பி அனுப்பும். தடித்த லென்ஸ்களோ புற ஊதாவை ஓரளவு விழுங்கி விடும். படமும் கலங்கிப் போகும். 20 சென்டி மீட்டருக்கு மேல் அகலம் இருந்தால் வேலை எளிது. ஏனென்றால் வடிகட்டியைத் தாண்டி வரும் ஒளி மிகவும் சொற்பம்.

இரண்டாவது கேமரா. கலர் கேமராவை விடக் கறுப்பு வெள்ளைக் கேமராவே சிறந்தது. கலர் கேமராவுக்குள் நிறம் பிரிக்கும் சிறு வடிகட்டிகள் இருக்கின்றன. அவை புற ஊதாவைக் குறைத்து விடும்.

மூன்றாவது, வடிகட்டிக் கண்ணாடி. இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

ஒரே பெயர், இரண்டு வேலை!

கேமராக் கடையில் போய் ‘யு.வி. பில்டர்’ என்று கேட்டால், தெளிந்த தண்ணீர் போல ஒரு கண்ணாடியை எடுத்துக் கொடுப்பார்கள். அது புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி! லென்சைப் பாதுகாக்கவும், தூரத்துக் காட்சியில் படியும் மங்கலைக் குறைக்கவும் செய்தது. அதை வைத்து வெள்ளியைப் படம் எடுத்தால் வெள்ளை உருண்டைதான் கிடைக்கும்.

வேண்டியது இதற்கு நேர் எதிரானது. புற ஊதாவை மட்டும் விட்டு, மற்ற எல்லாவற்றையும் தடுப்பது. வான ஆராய்ச்சிச் சாமான் விற்பவர்கள் இதை ‘யு பில்டர்’ அல்லது ‘வீனஸ் பில்டர்’ என்பார்கள். நல்ல பில்டர் ஒன்று ஏறக்குறைய 320 முதல் 390 நானோ மீட்டர் வரை உள்ள ஒளியை மட்டும் விடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இருட்டாகத்தான் இருக்கும். பழுது என்று திருப்பிக் கொடுத்து விடக் கூடாது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி எதையும் விடாததால்தான் அது கறுப்பாகத் தெரிகிறது.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். மலிவான கறுப்புக் கண்ணாடிகள் சில, ஊதாவுக்கு அப்பால் உள்ளதை விடுவதோடு, சிவப்புக்கு அப்பால் உள்ளதையும் கள்ளத்தனமாக உள்ளே விட்டு விடும். கேமராவின் சில்லு அந்தச் சிவப்பு ஒளியை ஆவலோடு வாங்கிக் கொள்ளும். பாலில் தண்ணீர் கலந்தது போல படம் வெளிறிப் போகும். இரண்டு பக்கமும் அடைத்த பில்டர்தான் உதவும்.

நல்ல பில்டருக்கு விலை அதிகம். பணம் குறைவாக உள்ளவர்கள் ஓர் அடர்ந்த ஊதா பில்டரையும், சிவப்புக்கு அப்பால் உள்ளதைத் தடுக்கும் பில்டரையும் சேர்த்து வைத்து எடுக்கிறார்கள். திட்டுகள் மங்கலாக விழும். ஆனாலும் விழும். நீதிபதியின் பில்டரும் ஊதாதானே!

ஆயிரத்தில் ஒன்று

அடுப்புக்கு மேலே பார்த்தால் எதிரே உள்ள சுவர் நெளிவது போலத் தெரியும் அல்லவா? நம் தலைக்கு மேல் உள்ள காற்றும் அப்படி நெளிந்து கொண்டே இருக்கிறது. அதனால் கிரகத்தின் படம் ஆடுகிறது. புற ஊதாவில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

இதற்கு இக்காலத்தில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஒரு படம் எடுப்பது இல்லை. சினிமா எடுப்பது போல, சில நிமிஷங்களில் ஆயிரக் கணக்கான படங்களை எடுத்து விடுகிறார்கள். பிறகு கம்ப்யூட்டர், முறத்தில் அரிசி புடைப்பது போல, ஆடிய படங்களைத் தள்ளி விட்டு, தெளிவான படங்களை மட்டும் பொறுக்கி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குகிறது. அடுக்க அடுக்கத் திட்டுகள் துலங்கி வரும்.

வெள்ளி அடி வானத்தில் இருக்கும் போது எடுப்பதில் பயன் இல்லை. தடித்த காற்று புற ஊதாவைச் சிதற அடித்து விடும். வெள்ளி வானத்தில் உயரமாக இருக்கும் நேரமே நல்லது. அனுபவம் உள்ளவர்கள் பட்டப் பகலிலேயே வெள்ளியைத் தேடிப் பிடித்து எடுப்பது உண்டு.

கண் பத்திரம்!

பகலில் எடுப்பது விளையாட்டு அல்ல. வெள்ளி எப்போதும் சூரியனை விட்டு வெகு தூரம் போகாது. டெலஸ்கோப் சற்றுத் தவறிச் சூரியனின் பக்கம் திரும்பினால் போதும். பார்ப்பவர் கண் ஒரு நொடியில் குருடாகி விடும்.

இந்தக் கறுப்பு பில்டர் சூரியனைப் பார்ப்பதற்கான கண்ணாடி அல்ல. இருட்டாக இருக்கிறதே என்று நம்பி விடக் கூடாது. கண்ணுக்குக் கெடுதல் செய்யும் புற ஊதாவைத்தான் இது உள்ளே விடுகிறது! இது கேமராவுக்காகச் செய்தது. கண்ணுக்காகச் செய்தது அல்ல. புதிதாகப் பழகுபவர்கள், மாலையில் சூரியன் முழுவதும் மறைந்த பிறகு தொடங்குவதே நல்லது. குழந்தைகளைத் தனியாக விடவே கூடாது.

இன்னும் அவிழாத முடிச்சு

புற ஊதாவை விழுங்கும் அந்தப் பொருள் என்ன? ஒரு பகுதிக்குக் கந்தக டை ஆக்சைடு வாயு காரணம் என்று தெரிந்து விட்டது. மீதிக்குக் காரணம் எது? கந்தகமே என்பார் சிலர். இரும்பு கலந்த உப்பு என்பார் சிலர். ராஸ் படம் எடுத்து ஏறக்குறைய நூறு ஆண்டு ஆகப் போகிறது. இன்னும் முடிவு காணவில்லை. வெள்ளி வாங்கிக் கொள்ளும் சூரிய வெப்பத்தில் பெரும் பங்கை இந்தப் பொருளே பிடித்து வைக்கிறது. அசுரக் காற்றுக்கு வேகம் கொடுப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு என்று கருதுகிறார்கள். எனவே இது சில்லறை விஷயம் அல்ல.

இதை ஆராய, ஐரோப்பிய நாடுகள் அனுப்பிய வீனஸ் எக்ஸ்பிரஸ் விண்கலம் 2006 முதல் 2014 வரை வெள்ளியைச் சுற்றியது. விண்கலம் பார்க்காத நேரத்தில் நீங்கள் எடுத்த படங்களைக் கொடுங்கள் என்று, ஆசைக்காகப் படம் எடுப்பவர்களை அந்த விஞ்ஞானிகளே கேட்டுக் கொண்டார்கள். காலம் எப்படி மாறியது பாருங்கள்! ஒரு காலத்தில் நீதிபதியின் படத்தை நம்ப மறுத்த உலகம், இப்போது அப்படிப்பட்டவர்களின் வாசலில் வந்து நின்றது.

ஜப்பானின் அகாட்சுகி விண்கலம் 2015-ல் வெள்ளியைச் சுற்றத் தொடங்கியது. அதிலும் புற ஊதாக் கேமரா இருந்தது. 2024-ல் அதன் தொடர்பு அறுந்து போயிற்று. 2025-ல் ஜப்பான் அதன் வேலை முடிந்ததாக அறிவித்தது.

நம் நாடும் வெள்ளிக்கு ஒரு விண்கலம் அனுப்பத் தீர்மானித்திருக்கிறது. 1,236 கோடி ரூபாய் செலவில் அதைச் செய்ய, 2024 செப்டம்பரில் மத்திய மந்திரி சபை அனுமதி கொடுத்தது. 2028 மார்ச்சில் ஏவுவது என்பது திட்டம்.

அடுத்த விண்கலம் போய்ச் சேரும் வரை, வெள்ளியின் பக்கத்தில் இருந்து பார்க்கும் கண் இல்லை. அது வரையில் மேகம் எப்படி ஓடியது, எந்தத் திட்டு எங்கே தோன்றியது என்று நாளுக்கு நாள் குறித்து வைப்பதில் பெரும் பங்கு, வீட்டு மாடியில் டெலஸ்கோப் வைத்திருப்பவர்களுடையது. படத்தின் அடியில் தேதி, நேரம், பில்டரின் பெயர் மூன்றையும் எழுதி வைத்தால் போதும். அந்தப் படம் என்றைக்கும் சாட்சி சொல்லும்.